வயருக்கு இந்தப் பக்கம்

எழுபதுகளின் கடைசியில் மதுரை டெலிபோன் இலாகாவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் பக்கத்தில் தொலைதூர மருத்துவம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பெயர் தந்தி. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவிக்கு மூச்சு இழுத்தால் பம்பாயில் இருக்கும் மகனுக்கு ஆங்கிலத்தில் நாலே வார்த்தை போகும்: தாயார் சீரியஸ், உடனே புறப்படு. இதனால் கிழவிக்கு ஒரு மாத்திரைகூடக் கிடைக்காது. ஆனால் சொந்தபந்தம் முழுக்க வந்து இறங்கிவிடும். தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் ஒப்பாரி எழும்பும். பிரித்துப் படித்தால் சில நேரம் பேரன் பிறந்த சேதியாக இருக்கும். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு சீனி எடுக்க ஓடுவார்கள். 2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டார்கள்.

வசதி உள்ளவர்களுக்கு டிரங்க் கால், ஆபரேட்டர் இணைத்துத் தரும் வெளியூர் போன். அதிலும் உயிர் போகிற அவசரம் என்றால் 'லைட்னிங் கால்', கட்டணம் எட்டு மடங்கு. ஊர் டாக்டர் மதுரையில் இருக்கும் பெரிய டாக்டரிடம் யோசனை கேட்பார். இரண்டு பேர் குரலும் ஒருவருக்கொருவர் கேட்காது. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அவர்தான் எடுத்துச் சொல்வார். "காமாலையாம் சார். கண்ணு மட்டும் இல்ல சார், நீரும் மஞ்சளா போகுதாம். ஆமா சார், நாலு நாளா சாப்பிடலையாம்." படித்தது எஸ்.எஸ்.எல்.சி. என்றாலும் எங்கள் ஆபரேட்டர்கள் சிலர் பெரிய டாக்டர் அடுத்து என்ன கேட்பார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். நோயாளியின் அந்தரங்கம் மூன்று எக்ஸ்சேஞ்சுக்கும் தெரிந்திருக்கும், அது உண்மைதான். இன்றைக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத்தான் டாக்டரைப் பார்க்கிறேன். என் அந்தரங்கம் யார் யாருக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியாது.

எங்கள் அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது இந்தக் காலத்தில்தான். புரை விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை, வயசாகிவிட்டது என்றார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அறுபதுகளிலிருந்தே ஊர் ஊராக முகாம் போட்டுக்கொண்டிருந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே கத்தி பிடித்துப் புரை எடுத்தவர். 1976-ல், 58 வயதில் ஓய்வுபெற்றதும் மதுரை அண்ணா நகரில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன்பிறகு முகாம்கள் பெருகின. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஊருக்குள் வரும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று அறிவிக்கும். பெஞ்சுகளை நகர்த்தி வரிசை அமைப்பார்கள். ஆபரேஷன் வேண்டியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போவார்கள். பாயில் படுக்கை, சாப்பாடு இலவசம். திரும்பக் கொண்டுவந்தும் விடுவார்கள்.

அப்பத்தாவை அந்தப் பஸ்ஸில் ஏற்ற எங்கள் வீட்டில் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். கண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவி மறுபடி வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போய் வந்தாள், சோடாபுட்டிக் கண்ணாடியும் பின்னால் கட்டிய நூலுமாக. வந்ததும் வராததுமாகக் கோழிகளை எண்ணினாள். இரண்டு குறைந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைப் பார்த்து, பார்வை திரும்பியதில் எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

அப்பத்தா போனது சாதாரண விஷயமில்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முகாம் நடக்கிற ஊர்களிலேயே கண் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வருகிறார்கள் என்று ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வெளியானது. நூற்றுக்கு ஏழு பேர். அதாவது வாசல்வரை வண்டி வந்து கூவியும், சோறு போட்டுப் பஸ் அனுப்பியும், தொண்ணூற்று மூன்று பேர் திண்ணையை விட்டு எழவில்லை. கூட வர ஆள் இல்லை, அறுப்பு நேரம், பயம், வயசானால் மங்கத்தான் செய்யும் என்ற நம்பிக்கை. முகாம் வருகிற நாளில் நோய் வர வேண்டும் என்பதும் நடைமுறைக்கு ஒத்துவராத நிபந்தனைதான்.

அப்புறம் வந்தது கம்ப்யூட்டர் காலம். 2001 கடைசியில் மேலூர் தாலுகா கிராமங்களில் இணைய மையங்கள் முளைத்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், கூடவே எம்.ஐ.டி., ஹார்வர்டு என்று பெரிய பெயர்கள். டெலிபோன் இலாகாக்காரனான எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். கம்பம் நட்டுக் கம்பி இழுத்தே தேய்ந்தவர்கள் நாங்கள். இவர்கள் வெறும் காற்றில் இழுத்துவிட்டார்கள். மையத்தை நடத்துகிற உள்ளூர்ப் பெண், கிராமத்தார் கண்ணை வெப் கேமராவில் படம் பிடித்து அரவிந்துக்கு மெயிலில் அனுப்புவார். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்று பதில் வரும். வெண்டைச் செடியின் நோய்க்கும் இதே கேமராதான். பத்திரிகைகள் எழுதின, வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சில வருடங்களில் பல மையங்களுக்குப் பூட்டு விழுந்தது. வருமானம் செலவுக்குக் கட்டவில்லை. கெட்டுப்போனால் பார்க்க ஆள் இல்லை. படம் எடுத்து அனுப்புவது நடந்தது. அதற்கு மேல் கண்ணைச் சோதிக்கவோ, கண்ணாடி கொடுக்கவோ அங்கே யாரும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மையான ஓட்டை. ஆனால் அதைப் பற்றி யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை.

ஓட்டையை அடைத்தது தேனியில். 2004 முதல் அரவிந்த் 'பார்வை மையம்' என்று சின்னச் சின்ன நிலையங்களைத் திறக்க ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்களைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேர்த்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து அங்கே உட்காரவைத்தார்கள். கண்ணை உருப்பெருக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப், கண்ணாடிப் பவர் பார்க்கும் லென்ஸ் பெட்டி, ஒரு கம்ப்யூட்டர். அந்தப் பெண் எல்லாம் சோதித்து எழுதிய பிறகு, தேனி ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து நோயாளியோடு பேசுவார். பெரும்பாலோர் அங்கேயே மருந்தோ கண்ணாடியோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இடையில் இருந்த வயர் பற்றி ஒரு டெலிபோன்காரன் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு, வீட்டுக்குள் பயன்படும் சாதாரண வைஃபையை எடுத்து மைல் கணக்கில் பாய வைத்தது. கண்மாயின் இரண்டு கரையில் நின்று இரண்டு பேர் கத்திப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இவர் ஒன்று சொல்லிவிட்டு உடனே "கேட்டுச்சா?" என்று பதிலுக்குக் காத்திருக்கிறார். அங்கிருந்து பதில் வரத் தாமதமாகிறது. கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கத்துகிறார். கடைசியில் இரண்டு பேர் கத்தலும் மோதிக்கொள்கிறது. சாதாரண வைஃபை இப்படித்தான் தூரத்தில் திணறும். பெர்க்லிப் பிள்ளைகள் கேட்டுச்சாவை நிறுத்தி, இந்த நொடித்துளி உனக்கு, அடுத்தது எனக்கு என்று முறை வைத்துவிட்டார்கள். திசை பார்த்து நிற்கும் ஆன்டெனா வைத்தார்கள். 2006-ல் தேனியோடு ஐந்து மையங்கள் பேசிக்கொண்டிருந்தன. அமெரிக்க மூளை காற்றை வென்றுவிட்டது. நம்ம ஊர் கரண்டிடம் மட்டும் தோற்றது. மின்னழுத்தம் எகிறிப் பலகைகள் கருகியதும், குறைந்த அழுத்தத்தில் கருவிகள் பாதியில் நினைவு தப்பியதும்தான் அவர்களுக்குப் பெரிய தலைவலி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எந்த லைன்மேனைக் கேட்டிருந்தாலும் ஒரு டீக்கு இதைச் சொல்லியிருப்பான்.

என் அத்தை வாக்கப்பட்டது சின்னமனூர். எண்பது வயது, கண் நீர் அழுத்தத்துக்கு அன்றாடம் சொட்டு மருந்து விட வேண்டும். ஒருமுறை அவளோடு பார்வை மையத்துக்குப் போனேன். "பாட்டி, தாடைய இதுல வைங்க, நெத்திய முன்னாடி ஒட்டுங்க" என்று அந்தப் பெண் அவள் தலையைப் பிடித்து வைத்தது. திரையில் டாக்டரம்மா வந்ததும் அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்மா. சொட்டு மருந்து தினமும் விடுறீங்களா?"

"விடாம இருப்பேனா? ஒருநா தப்புறதில்ல."

பக்கத்தில் நின்ற பெண் மெதுவாகச் சொன்னது: "இல்ல டாக்டர். அடுத்த பாட்டில் வாங்க வந்து ரெண்டு மாசம் ஆகுது."

வெளியே வந்ததும் அத்தைக்குக் கோபம். "பாரு மருமகனே, நம்மூருப் பிள்ளை, என்னையே காட்டிக் குடுக்குது." அடுத்த வாரம் அந்தப் பெண் போனில் கூப்பிட்டு பாட்டில் வாங்கியாயிற்றா என்று விசாரித்ததாம். அத்தையின் கண் இன்னும் கெடாமல் இருப்பதற்கு வைஃபையும் காரணம், அந்தக் கோள்மூட்டியும் காரணம். பங்கு பிரிக்கச் சொன்னால் நான் கோள்மூட்டிக்குத்தான் கூடுதலாகக் கொடுப்பேன்.

மாநகரவாசியான என் கதை வேறு. மதுரையில் சொந்த வீடு, பைபர் இணைப்பு, நல்ல போன், அமெரிக்காவில் மகள். 2020 மார்ச் 25-ல், ஊரடங்கு தொடங்கிய அன்றே, தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதற்கப்புறம் வீடு தேடி டாக்டர் வருவார் என்று எல்லாச் செயலிகளும் கூவ ஆரம்பித்தன. ஒருநாள் எனக்குக் கண் சிவந்தது. மகள் அங்கிருந்தே ஒரு செயலியில் பணம் கட்டி நேரம் வாங்கினாள். பதிவு அவள் நம்பரில். ஆகவே என் கண்ணுக்கான ஓடிபி நியூஜெர்சியில் நடுராத்திரி மணி அடித்தது. தூக்கக் கலக்கத்தில் அவள் ஆறு எண் சொல்ல, நான் அதை மாற்றி அடிக்க, ஒருவழியாக டாக்டர் தெரிந்தார். கேமராவில் கண்ணைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினால் எனக்குத் திரை தெரியவில்லை. போட்டுக்கொண்டால் அவருக்குக் கண் தெரியவில்லை. என் மூக்குத் துவாரத்தையும் வீட்டு மின்விசிறியையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "நேர்ல ஒரு கண் டாக்டரப் பாத்துடுங்க சார்" என்றார். நல்ல யோசனை. உடனே செயலி எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. நட்சத்திரம் போடாமல் வெளியே விடாது.

நான் சேர்ந்தபோது மதுரையில் டெலிபோன் நம்பருக்கு ஐந்து இலக்கம். இப்போது என் உடம்புக்கே அரசாங்கம் கொடுத்த ஒரு நம்பர் இருக்கிறது, 'ஆபா' என்று, பதினாலு இலக்கம். எல்லாச் சீட்டும் ரிப்போர்ட்டும் அதில் ஏறிவிடும் என்கிறார்கள். என்னுடையவை இன்னும் துணிக்கடை மஞ்சள் பையில்தான் இருக்கின்றன. ஏற்றிக்கொடுக்க ஆள் வரவில்லை.

அரசாங்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது செய்த நல்ல காரியங்களிலும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்ற இதே கணக்குத்தான் ஓடுகிறது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸுக்குச் செயலி வேண்டாம், ஓடிபி வேண்டாம். எடுக்கிறவர் மனிதர், வருகிறவர் ஸ்ட்ரெச்சரோடு வருகிற மனிதர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தெருவுக்குத் தெரிந்த ஒரு பெண் பிரஷர் மிஷினோடு வீட்டுக்கு வந்து மாத்திரையும் தருகிறார். மத்திய அரசின் இ-சஞ்சீவனி இரண்டு விதமாக நடக்கிறது: ஒன்று, வீட்டிலிருந்தபடி நோயாளியே டாக்டரோடு பேசுவது, மற்றொன்று, சுகாதார நிலையத்தில் ஊழியர் பக்கத்தில் இருக்க, தூரத்து டாக்டரோடு பேசுவது. என்னைக் கேட்டால் இரண்டாவதற்குத்தான் ஓட்டு. அப்புறம் நம் மதுரை எய்ம்ஸ். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரத்தில் படிக்க ஆரம்பித்தார்கள். கட்டிடம் எழும்பும் முன்பே ஒரு ஆஸ்பத்திரி தன்னைத் தொலைதூரத்தில் நடத்திக்காட்டிய சாதனை உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

இப்போது டாக்டரும் வேண்டாம், மெஷினே பார்க்கும் என்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறோம். அதுவும் மதுரை சம்பந்தப்பட்டதுதான். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும்படி கூகுள் ஒரு நிரலைப் பழக்கி, 2016-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டது. பழக்கிய படங்கள் சுமார் 1,28,000. அவற்றில் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் கொடுத்தவை உண்டு. 2019 வாக்கில் அது மதுரை அரவிந்திலேயே வேலைக்கும் வந்துவிட்டது. கெட்டிக்கார நிரல், சந்தேகமில்லை. ஆனால் படத்தை யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் அதற்குக் கண் தெரியும். அத்தை தலையைப் பிடித்து வைத்த அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் கூகுளும் என் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கும் சர்க்கரை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை வீட்டுக்குப் போகும்போது அதைச் சின்னமனூரிலேயே விசாரித்து முடித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கண் காட்ட ஜனங்கள் மதுரைக்கு வந்த பாதையில் மதுரைக்காரன் எதிர்த்திசையில் பஸ் ஏறுகிறான். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் வலிக்காது, மங்காது. தெரியவரும்போது போன பார்வையைப் பெரும்பாலும் திருப்ப முடியாது. இந்த மாதமே ஒருநாள் ஒதுக்கிப் படம் எடுத்துவிடுங்கள். போனில் வேண்டாம், ஆள் இருக்கிற இடத்தில்.