கல்லா, கடவுளா?

கேள்வி: குறைந்த செலவில் சுயாதீனமாக எடுக்கும் அறிவியல் புனைகதைப் படங்களில் கடவுளுக்கு என்ன வேலை?
- ஒரு கல்லூரி மாணவர், ராஜபாளையம்

பதில்: முழுநேர வேலை! கிராஃபிக்ஸுக்குக் காசில்லாத இயக்குநர் கேள்விகளை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். கேள்வி கேட்கத் தொடங்கினால் முதலில் எதிரே வருகிறவர் கடவுள்தானே! தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) படத்தில் விண்கலமே கிடையாது. ஆசையை நிறைவேற்றும் ஓர் அறை, வாசல்வரை போயும் உள்ளே நுழையத் துணியாத மனிதர்கள், அவ்வளவுதான்.

நம்மிடம் தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இருக்கிறது. வேற்றுக்கிரகப் பெண்ணே வருகிறாள்! ஆனால், என்னை உலுக்கியது அவளல்ல, ஒரு சிலை. சுனாமியில் அதைப் பற்றிக்கொண்டு பிழைத்த அற்புதம் என்பவருக்கு (மிஷ்கின்) அது கடவுள். அதே அலையில் அதையே பற்றிப் பிழைத்த ஷில்பாவுக்கு (விஜய் சேதுபதி) வெறும் கல். இருவரையும் காப்பாற்றியது ஒன்றே. படம் தீர்ப்புச் சொல்லாமல் நகர்கிறது. அதுதான் அதன் பெருமை.

உங்கள் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெரியாழ்வார், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழந்தையின் வாய்க்குள் ஏழுலகையும் யசோதைக்குக் காட்டிவிட்டார். செலவு? ஒரு குழந்தை, ஒரு தாய்! குறும்படம் எடுக்கும் எண்ணம் இருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள்.