ஒன் பை டூ: எருத்தேன்பதித் தம்பதியர் பெரிய ஓட்டலில் உண்ணும் முறைமை பற்றிய ஓர் ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது எருத்தேன்பதி. தென்னை உண்டு, கள் உண்டு, தமிழ் உண்டு. மங்கலான விளக்கொளியில் சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடிக்கும் ரக ஓட்டலுக்கு மட்டும் மேற்கே பாலக்காட்டுக்கோ, கிழக்கே பொள்ளாச்சிக்கோ, வடக்கே கோவைக்கோ போக வேண்டும். கல்யாண நாள்தோறும் நிகழும் இந்தப் புலப்பெயர்ச்சியை எந்தப் பல்கலைக்கழகமும் பொருட்படுத்தவில்லை. ஆகவே இக்கட்டுரை.

பெரிய ஓட்டல் என்பது யாது? விலையை வைத்துச் சொல்லலாம் என்பர் ஒரு சாரார். அது மேலோட்டமான கொள்கை. உட்கார்ந்ததும் பசியைப் பற்றி விசாரிக்காமல் “ரெகுலர் வாட்டரா, மினரல் வாட்டரா?” என்று கேட்பதே பெரிய ஓட்டல் என்பது நம் வரையறை. மழை மறைவுப் பகுதியில் போர்வெல்லைப் பார்த்துப் பார்த்துக் காலம் தள்ளும் ஊர்க்காரருக்கு இது விளையாட்டுக் கேள்வியல்ல. கணவர் யோசிக்கிறார். அதற்குள் மனைவி “சாதாத் தண்ணியே குடுங்க” என்று முடித்துவிடுகிறார்.

அடுத்து மெனு கார்டு. பெயர்கள் இடப்பக்கம், விலைகள் வலப்பக்கம். மனைவி இடமிருந்தும் கணவர் வலமிருந்தும் படித்து வருவதால் இருவரும் நடுவில் எங்கோ சந்திக்கிறார்கள். வெளிச்சம் போதாததால் செல்போன் டார்ச் தேவைப்படும்.

“ஏனுங்க, இதுல என்னங்க போட்டிருப்பாங்க?”

“காளானாட்டத் தெரியுது புள்ள.”

தெரிவது விலைதான், காளான் ஊகம்.

இனி நம் ஆய்வின் மையப்பொருளான ஒன் பை டூ சூப். ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில் பகிர்ந்து தரும் இந்த ஏற்பாட்டைக் கொண்டே மணவாழ்க்கையின் வயதைக் கணித்துவிடலாம். புதுமணத் தம்பதி ஆளுக்கொரு சூப் சொல்லிப் பாதியை மிச்சம் வைப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒன் பை டூ வருகிறது. அதற்கும் முதிர்ந்த நிலை ஒன்றுண்டு: “எனக்கு வேண்டாங்க, நீங்க குடிங்க” என்று சொல்லிவிட்டு, எதிர்க் கிண்ணத்தில் கரண்டி விடுவது.

பகிர்வு என்றால் இவ்வட்டாரத்துக்குத் தமிழ்நாட்டோடான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர்ப் பங்கீடு நினைவுக்கு வராமல் போகாது. 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, சித்தூர்ப் பாசனத்துக்காக மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். கணக்கு தெளிவு, வருவதைப் பற்றித்தான் வழக்கு. சூப்பிலும் அதே கதை. கிண்ணங்கள் இரண்டிலும் மட்டம் ஒன்றுதான். ஆனால் சோளமணியும் கோழித்துண்டும் எந்தப் பக்கம் இறங்கின என்பதில்தான் மேல்மடை, கடைமடை வேறுபாடு. எம் கள ஆய்வு பக்கத்து மேசையிலிருந்து கழுத்தை நீட்டிச் செய்யப்பட்டது; அதில் கணவர் பெரும்பாலும் கடைமடையிலேயே இருக்கக் கண்டோம். கூட்டு நதிநீர் ஆணையம் எதுவும் மேசைக்கு வருவதில்லை.

பிங்கர் பவுலில் மிதக்கும் எலுமிச்சைத் துண்டைப் பற்றி எழுதாதவர் இல்லை, விட்டுவிடுவோம்.

பில் கனமான இயல். தனி உணவகங்களில், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2017 நவம்பர் 15 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். அதாவது, மாடியில் முன்பின் தெரியாத ஒருவர் எவ்வளவு கொடுத்துத் தூங்குகிறார் என்பதைப் பொறுத்துக் கீழே நம் அரைச் சூப்புக்கு வரி. இதைத் திருமூலர் காலத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் தத்துவம் என்று ஏற்றிருப்போம்.

வரிக்குக் கீழே சர்வீஸ் சார்ஜ் என்று இன்னொரு வரி இருந்தால் கவனிக்கவும். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915-க்குப் போன் போடுங்கள். எடுக்கச் சொல்ல வேண்டியவர் கணவரா மனைவியா என்பதை மட்டும் நீதிமன்றம் உங்களுக்கே விட்டுவிட்டது.