ஒரு டாலருக்கு 39 மனை

2014-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மையத்தில் ஒரு டாலருக்கு 39 மனை கிடைத்தது. மனைக்கு ஒரு டாலர் அல்ல. மொத்தமும் சேர்த்தே ஒரு டாலர்தான். அதே ஆண்டு, அதே ஊரில், தண்ணீர்க் கட்டணத்தில் 150 டாலர் பாக்கி வைத்த வீட்டுக்குக் குழாயை அடைக்க ஆள் வந்தான். மாநகராட்சிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மனைகள் போனது லிட்டில் சீசர்ஸ் பீட்சாவின் முதலாளிகளான இலிச் குடும்பத்து ஹாக்கி அரங்கத்துக்காக. 2013 ஜூலை 18 அன்று டெட்ராய்ட் மஞ்சக் கடுதாசி கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். 24-ஆம் தேதி, மிச்சிகன் மாநிலத்தின் நிதி வாரியம் அரங்கத்துக்குப் பணம் திரட்டத் தலையாட்டியது. ஆறு நாள் பொறுத்தார்களே, அதுவே பெருந்தன்மை. பின்னாலேயே நகராட்சியின் பழைய ஊழியர்களுக்கு ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது. விலைவாசிக்கேற்ற உயர்வும் போச்சு.

பணம் எங்கிருந்து வந்தது? அதற்குத்தான் ‘டாக்ஸ் இன்கிரிமென்ட்’ என்றொரு வித்தை இருக்கிறது. நகர மையத்தைச் சுற்றி ஒரு கோடு போடு. இன்றைய சொத்து வரியை அந்த மட்டத்திலேயே நிறுத்து. இனி கோட்டுக்குள் கூடுகிற வரியெல்லாம் பொதுக் கஜானாவுக்குப் போகாது. அங்கே கட்டுவதற்கு வாங்கிய கடனை அடைக்கப் போகும். கட்டடம் வந்ததால்தானே வரி கூடியது என்பது வாதம். தானாகவே கூடியிருக்கக்கூடிய வரியும் அந்தப் பைக்குள்தான் விழுகிறது என்பதை ஏனோ யாரும் மைக்கில் சொல்வதில்லை. டெட்ராய்டில் அப்படித் திருப்பிய வரியில் பள்ளிக்கூடத்துக்கு உரியதும் இருந்தது. பயப்படாதீர்கள், பள்ளிக்கு ஆகும் இழப்பை மாநிலம் ஈடுகட்டும் என்றார்கள். மாநிலத்தின் பணம் வேறு யாருடைய தாத்தா சொத்தோ! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். ஆனால் இங்கே மூடியைக்கூடப் பிள்ளையாரே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

2017-இல் அரங்கம் திறந்தது. செலவு 86 கோடி டாலர். அதில் 32 கோடிக்கு மேல் பொதுப்பணம். கட்டடம் பொது அமைப்பின் பெயரில் இருக்கிறது, வாடகையோ பூஜ்யம். டிக்கெட், தின்பண்டம், கார் நிறுத்தக் கட்டணம், பெயர்ப் பலகைக்கான காசு எல்லாம் இலிச் நிறுவனத்துக்கு. அந்தப் பெயர்ப் பலகை உரிமையை வாங்கியது யார்? லிட்டில் சீசர்ஸ். இடது சட்டைப்பையிலிருந்து வலது சட்டைப்பைக்கு 12.5 கோடி டாலர் பயணம் போயிற்று. நடுவில் ஊரைப் பார்த்துக் கையாட்டக்கூட இல்லை.

அரங்கம் மட்டுமென்றால் யாரும் மசிந்திருக்க மாட்டார்கள். ஐம்பது பிளாக் பரப்பில் ஐந்து புதிய பேட்டைகள் வரும், வீடு வரும், கடை வரும் என்று வண்ணப் படம் காட்டினார்கள். படத்தில் மரமிருந்தது, நாய்க்குட்டியோடு நடக்கும் இளம் ஜோடி இருந்தது. வந்தது தார் போட்ட கார் நிறுத்துமிடம். அதை அடுத்து இன்னொன்று. வெள்ளைக் கோடு, கம்பி வேலி, காசு வாங்க ஒரு கூண்டு. 1924-இல் கட்டிய பார்க் அவென்யூ ஹோட்டலை 2015-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள், அரங்கத்துக்குச் சரக்கு இறக்க இடம் வேண்டுமாம். நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பீட்சா நிறுவனத்தின் புதிய தலைமையகம் எழும்பி நின்றது. அதன் கண்ணாடிகள் பீட்சாத் துண்டு வடிவத்தில் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன. ஊரை யார் எப்படி வெட்டித் தின்றார்கள் என்பதற்கு வரைபடம் தேட வேண்டாம்.

சரி, சொன்னதைச் செய்யாதவர்களை ஊர் என்ன செய்தது? அபராதம்? வழக்கு? அதே இலிச் குழுமமும் நியூயார்க்கின் ரிலேட்டட் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனமும் கைகோத்து மறுபடி வந்து நின்றன. அதே வட்டாரம், பத்துக் கட்டடங்கள், 150 கோடி டாலர் திட்டம், மறுபடி வண்ணப் படம். 2023 மார்ச்சில் நகர சபை ஏறக்குறைய 80 கோடி டாலர் சலுகைக்குக் கைதூக்கியது.