ஒடுக்கு எடுக்கும் படலம்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்துமிடம் கட்டியவர்கள் தூண்களுக்குத்தான் முதல் மரியாதை தந்திருக்கிறார்கள். மிச்ச இடம் காருக்கு. எனவே ஒரு வெள்ளை ஹேட்ச்பேக்கின் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்ததை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கார்க்காரரைத் தவிர. ராத்திரி கீழே இறங்கிப் போய்ப் பார்த்தார். கதவில் நேர்கோடாக ஓடிவந்த டியூப்லைட் வெளிச்சம் அந்த இடம் வந்ததும் ஒரு நெளி நெளிந்து, அப்புறம் நேரானது.

ஒர்க்‌ஷாப்புக்கு விடலாமே என்றால் அங்கே ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. இன்ஷூரன்ஸில் கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் 50. ஒரு ஒடுக்குக்காகக் கை நீட்டினால் அத்தனையும் பூஜ்யம். போதாக்குறைக்கு 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1000 ரூபாயைச் சொந்தக்காரரே போட வேண்டும். ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியாதவர்களையும் வீட்டு டிங்கராக்குவது இந்தக் கணக்குதான்.

முதல் வைத்தியம் மச்சான் சொன்னது: வெந்நீர். ‘கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க மாமா, டப்புனு வெளிய வந்துடும்.’ வரும்தான், பம்பராக இருந்தால். இந்தக் கால பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன்; சூட்டில் இளகும், பின்பக்கம் கைவிட்டுத் தள்ளினால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கதவோ எஃகுத் தகடு. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லை என்றாலும், தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்தபோதே 100 டிகிரிக்கு மேல் சூட்டில் வாட்டப்பட்டது. அதற்கு வெந்நீர் வெறும் எண்ணெய்க் குளியல். கதவு பளிச்சென்று ஆனது, ஒடுக்கு உட்பட.

அடுத்தது ஹேர் டிரையரும் ஐஸ் கட்டியும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்ப். பால்கனியிலிருந்து மனைவி கேட்ட கேள்வி எதிர் பிளாக் வரை கேட்டது: ‘ஏங்க, அது புதுசுதானே?’ இந்த வைத்தியத்தைக் கேலி செய்ய முடியாது. மடிப்பு விழாத, ஆழமில்லாத, வட்டமான ஒடுக்கு என்றால் ஈரம் பண்ணி ஒட்டவைத்து இழுத்ததும் நிஜமாகவே வந்துவிடும். அங்கே தகடு வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் கூர்மையாக ஒரு மடிப்பு இருந்தால் கதை வேறு. அந்த இடத்தில் உலோகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். தொய்ந்த பனியன் கழுத்தை இஸ்திரி போட்டு இறுக்க முடியுமா? இந்தக் கதவில் மடிப்பு இருந்தது.

இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள். 1957 முதல் 1991 வரை அங்கே தயாரான டிரபான்ட் காரின் வெளிப்பலகைகள் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தவை. ஒடுக்கே விழாது. நேராக உடைந்துவிடும்.

கடைசியில் கார்க்காரர் கதவின் உள்பலகையைக் கழற்றினார். அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கழலும்போது வருகிற சத்தமும் உடையும்போது வருகிற சத்தமும் ஒன்றே. உள்ளே ஜன்னல் கண்ணாடி இறங்கும் வழி. அதைத் தாண்டினால் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புக் குழாய், சரியாக ஒடுக்குக்கு நேரே. இடுக்கில் கம்பியை நுழைத்து, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. வெளியே பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு பரு முளைத்தது. பெயிண்ட் மொத்தமே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். பருவின் உச்சியில் அது வெடித்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் எஃகுக்கு அந்த வெடிப்பு போதும், துருப்பிடிக்க.

டிங்கர்காரர் வந்தார். கண்ணால் பார்க்கவில்லை, உள்ளங்கையைப் படிய வைத்து, வேறெங்கோ பார்த்தபடி கதவின் குறுக்கே மெல்ல ஓட்டினார். பருவின் மேல் கை நின்றது.

‘இது தூண் இடிச்சது இல்லியே சார்.’

கார்க்காரர் மச்சானைப் பார்த்தார்.

‘பள்ளம் பெரிசில்ல. டாலி வெச்சுத் தட்டி, பட்டி போட்டு, எமரி அடிச்சு, பெயிண்ட் அடிச்சிடலாம். ஆனா வெயில்ல நின்ன வெள்ளை வேற, டப்பால இருக்கிற வெள்ளை வேற. பக்கத்துக் கதவு வரைக்கும் இழுத்து அடிச்சாதான் சேரும். அதுக்கும் காசு ஆகும். பருவை மட்டும் அமுக்கி டச்-அப் வெச்சு விடறேன். முன்கதவும் என்னிக்காவது வாங்கும் சார், அப்ப ரெண்டையும் சேர்த்துப் பண்ணிக்கலாம்.’