டாக்குமென்டேஷனில் பத்துக் குற்றம்: ஓர் இராஜபாளைய ஆய்வு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் வகுத்துவிட்டார் பவணந்தி முனிவர். மென்பொருள் நிறுவனங்களின் டாக்குமென்டேஷனைப் பார்க்காமல் அப்படி ஒரு பட்டியலை எவரும் போட்டிருக்க முடியாது என்பது, இராஜபாளையத்து மாடி அறையிலிருந்து சென்னைக் கம்பெனிக்குக் கோடு எழுதும் இந்த ஆய்வாளனின் துணிபு.

சான்று காட்டுவோம். ஒரு ஃபங்ஷனின் பெயர் ‘செட் டைம்அவுட்’. அதற்கு உரை: ‘டைம்அவுட்டை செட் செய்யும்’. இது கூறியது கூறல். ஓர் எண் கொடுக்க வேண்டுமாம். நொடியா, மில்லிநொடியா? மூச்சில்லை. இது குன்றக் கூறல். நொடி என்று நம்பி 30 கொடுத்தால், சர்வர் கொட்டாவி விடுவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். ஒரே வரியில் இரு குற்றம் செய்யும் இந்தச் சுருக்கம் பழைய உரைகாரர் எவருக்கும் கைவந்ததில்லை.

சென்று தேய்ந்து இறுதலுக்கு வருவோம். இன்ஸ்டால் செய்யும் பக்கம் கல்யாணப் பத்திரிகை போல ஜொலிக்கும். லாகின் பக்கம் அரைப் பக்கம். எரர் கோடுகளின் பக்கத்தில் ‘விரைவில்’ என்ற ஒற்றைச் சொல்.

பவணந்தி விட்டுவைத்த பதினொன்றாவது, செத்த வெர்ஷனுக்கு உரை எழுதுதல். எல்லாம் சரியாக, தெளிவாக, உதாரணத்தோடு இருக்கும். நம்மிடம் உள்ள வெர்ஷனுக்கு மட்டும் பொருந்தாது.

“கோடே டாக்குமென்ட்தான் தம்பி, படிச்சுக்க” என்பது சீனியர்களின் சித்தாந்தம். யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதியவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளை விளக்கும் இடத்திலேயே ‘பிழைகள்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு. தன் குறையைத் தானே எழுதிவைக்கும் அந்த நாணயம் பிறகு எங்கே போயிற்றோ.

முன்னவர் எழுத்தை மதிக்கும் நாணயத்துக்குப் பக்கத்து ஊரிலேயே சான்று உண்டு. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூர்ப் பெரியாழ்வாரின் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி செல்லரித்துப் போனது. 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள், அழிந்த பாசுரங்களுக்கு மட்டும் உரை எழுதி, மிஞ்சிய ஓலை தொடங்கும் இடத்தோடு எழுத்தாணியை வைத்துவிட்டார் என்பது வைணவ மரபு. முன்னவர் எழுத்தில் கை வைக்கவில்லை. புதிதாகச் சேரும் இன்ஜினியரோ முதல் வாரமே “எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்ப எழுதணும்” என்பார்.

நம் காலமாக இருந்திருந்தால் கரையான் மீது ஒரு டிக்கெட் போட்டிருப்பார்கள். ‘எங்கள் ஓலையில் இந்தப் பிரச்சினை வரவில்லை’ என்று எழுதி, அதை மூடியும் இருப்பார்கள்.