கதவை வித்துப் படத்தை வாங்கு!

வா அப்பு, உட்காரு. நம்ம ஊர் வீடுகளைப் படம் பிடிச்ச புத்தகமாத் தேடித் தேடிச் சேர்க்கிறியாம்ல? நல்ல காரியம். உங்க ஐயா கதவை வித்தாக. நீ கதவோட படத்தை வாங்குற. வித்த சாமானைத் திருப்பி வாங்குற யோகம் எத்தனை குடும்பத்துக்கு வாய்க்கும்!

2000-ல எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி மூணு பேரும் எழுதி, வி. முத்துராமன் படமெடுத்து வந்துச்சே 'தி செட்டியார் ஹெரிட்டேஜ்', அதுக்குத்தானே அலையிற? அலை. ஆனா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில நுழைஞ்சதும் புத்தகத்துல கை வைக்காதே. முதல்ல எனாமல் தூக்குச்சட்டிக்கு விலை கேளு. அப்புறம் பர்மாத் தேக்குத் தூணைத் தட்டிப் பாரு. கிளம்புறப்ப, "இதென்ன, பழைய புத்தகமா?"ன்னு கொட்டாவி விட்டுக்கிட்டே கேளு. உன் கண்ணு மினுங்குச்சோ, கடைக்காரர் வாயில 'ரேர்' வந்துரும்; ரேர் வந்தா ஒரு சைபர் கூடிரும்.

காசை நீட்டுறதுக்கு முன்னாடி பக்கத்தை எண்ணு. நல்ல படத்தைப் பிளேடால கீறி, சட்டம் போட்டுத் தனியா வித்திருப்பாக. வழவழப்புத் தாள் ஈரம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பிரிச்சா படம் பாதி இங்க, பாதி அங்க, பங்காளி சொத்து மாதிரி. வீட்டுக்குக் கொண்டாந்து பிளாஸ்டிக் உறையில மூடியும் வைக்காதே. நீ பார்க்காத படத்தைப் பூஞ்சை பார்த்துக்கும்.

சேர்க்கிறதுன்னா கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தாக. சைன்போர்டு எழுதின மனுஷர். புத்தகம், பத்திரிகைன்னு சுமார் 1 லட்சம். கலியாணப் பத்திரிகையைக்கூட விடலை. ரேர்னு யாரும் சொல்றதுக்கு முந்தியே வாங்கினாக, அம்புட்டுத்தான் சூட்சுமம். 1992-ல அவுக காலமானப்புறம், சிகாகோ பல்கலைக்கழகம் அம்புட்டையும் வாங்க, 1994-ல சென்னையிலேயே நூலகமாச்சு. சிகாகோக்காரனுக்குத் தெரிஞ்ச அருமை நம்மாளுகளுக்குத் தெரியலைன்னு நான் சொல்லலை; நீயா நினைச்சுக்க.

கடைசியா ஒண்ணு. ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போன உங்க பாட்டையா, ஸ்டுடியோவுல கோட்டு மாட்டி நிக்கிற படம் உங்க பட்டாலையில தொங்குதே, பக்கத்துல நிக்கிறது யாரு? உனக்குத் தெரியாது. உங்க அப்பத்தாவுக்குத் தெரியும். அவுகளுக்கு 80 தாண்டிருச்சு. பென்சிலோட போயி, பேரைக் கேட்டுப் படத்துக்குப் பின்னாடி எழுது. இல்லைன்னா, நாளைக்கு எவனாச்சும் அதே படத்தைப் புத்தகத்துல போட்டு, 'பெயர் தெரியாத இருவர், காரைக்குடி'ன்னு அடியில அச்சடிப்பான். அதையும் நீதான் காசு கொடுத்து வாங்கணும்.