தெல்தோட்டையிலிருந்து பத்து நாடு: மத்தியகள வீரருக்கான பயண வழிகாட்டி

கோல் அடிப்பவரை ஊர் கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோல் காப்பவரை மாற்ற எந்தப் பயிற்சியாளருக்கும் சட்டென்று துணிவு வராது. நடுவில் ஓடி ஓடிப் பந்தை வாங்கிக் கொடுக்கும் மத்தியகள வீரர் கதை வேறு. அவர் எல்லாக் கழகத்துக்கும் வேண்டும். அவர் போனாலும் எந்தக் கழகமும் அழாது. ஆகவே, தம்பி, செலவில்லாமல் உலகம் சுற்ற ஆசைப்படும் லயத்துப் பிள்ளைக்கு இதைவிடத் தோதான உத்தியோகம் இல்லை. கீழே உள்ள படிகளை வரிசை தவறாமல் பின்பற்று.

படி 1: முடிந்தால் வேறெங்காவது பிறந்துவிடு

இதுதான் ஆக இலகுவான வழி என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். விமல் யோகநாதன் இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை; பிறந்தது வேல்ஸில். 2024 ஓகஸ்டில் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு மத்தியகளத்தில் இறங்கினார். வசீம் ராசிக் பெர்லினில் பிறந்தவர். அங்கிருந்து வந்து இலங்கை அணிக்கு ஆடினார். இப்போது நம் தேசிய அணியே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கிறது. கண்டியிலிருந்து பேராதனை, கலஹா என்று வளைந்து வளைந்து பஸ் ஏறி, தெல்தோட்டைக்கு ஆள் தேடி வருபவர் இல்லை. இங்கேயே பிறந்துவிட்டாய் என்றால் அடுத்த படிக்கு வா.

படி 2: சரிவில் பழகு

1867இல் ஜேம்ஸ் டெய்லர் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்றிலிருந்து இந்த மலையில் சமமாக இருந்த இடமெல்லாம் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் பெரட்டுக்களத்துக்கும் போயிற்று. மிச்சத்தில்தான் நாம் பந்து விளையாடுகிறோம். இதை ஒரு குறையாக நினைக்காதே. பந்தைத் தவறவிட்டால் அது கீழே தேயிலைக்குள் உருளும். தவறவிட்டவன்தான் இறங்கி எடுத்து வரவேண்டும். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனால், வந்த பந்து முதல் தொடுகையிலேயே காலோடு நிற்கும். மத்தியகள வீரருக்கு அதற்கு மேல் தெரியவேண்டியது, பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பின்னால் வருவது எதிரணி ஆளா, கணக்கப்பிள்ளையா என்று பார்த்துப் பழகிய நமக்கு அதுவும் கடினமில்லை.

படி 3: உள்ளூர்ப் போட்டிகளை நம்பிப் பொறுமையாக இரு

2021இல் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியது. நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் அதில் ஒன்று. மலைநாட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை ஒரு பருவத்துக்கு மேல் நீட்டிக்க வேண்டாமே. 2023 ஜனவரியில் பீஃபா நம் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் நாட்டுக்காக ஆடும் கவலை எந்த வீரருக்கும் இருக்கவில்லை. ஓய்வெடுத்துக் கொள்ளவும் கடவுச்சீட்டு எடுக்கவும் இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

படி 4: ஒரு குருவைத் தேர்ந்தெடு

ரோஹன் ரிக்கெட்ஸ் என்ற லண்டன்காரரைச் சிபாரிசு செய்கிறேன். ஆர்சனலில் வளர்ந்து டொட்டன்ஹாமுக்கு ஆடிய மத்தியகள வீரர். ஆள் அங்கேயே நின்றிருந்தால் இந்த வழிகாட்டியில் இடம் கிடைத்திருக்காது. பிறகு வுல்வர்ஹாம்ப்டன், கனடாவின் டொராண்டோ, ஹங்கேரி, மொல்டோவா, ஜேர்மனி, அயர்லாந்து என்று போய், 2012இல் கோவாவின் டெம்போ கழகத்துக்கு வந்தார். அதோடு நிற்காமல் எக்குவடோர், தாய்லாந்து. இரண்டு கால், ஒரு பயணப்பை, கேட்டவுடன் 'வருகிறேன்' என்கிற மனசு: மூலதனம் அவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பக்கத்திலேயே ஆள் உண்டு. நம் பக்கீர் அலி 1980களில் டாக்காவின் அபஹானி கழகத்துக்கு ஆடினார். அவர் பின்வரிசைக்காரர் என்றாலும் பயணத்தில் நம் கட்சி. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜம்ஷெட்பூர், கொல்கத்தா, ஒடிசா என்று ஒரே நாட்டுக்குள்ளேயே நான்கு மொழி கேட்டுவிட்டார்.

படி 5: முகவரை மரியாதையாக நடத்து

முகவர் வருவார். கையில் இரண்டு போன், வாயில் நான்கு கழகத்தின் பெயர். சோதனை ஆட்டத்துக்கு அழைத்துப்போக முற்பணம் கேட்பார். கேட்டவுடன் அம்மாவின் தோட்டை அடகு வைத்துவிடு. ஆராய்ந்து பார்ப்பது அவரை அவமதிப்பதாகும். பீஃபா முகவர்களுக்குப் பரீட்சை வைத்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது, அதை யாரும் கேட்டுப் பார்க்கலாம் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே.

இங்கே உன் கொள்ளுத்தாத்தா எழுந்து வந்தால் ஒன்று சொல்வார். அவரை இந்த மலைக்கு அழைத்து வந்த கங்காணி முற்பணம் *கொடுத்து* அழைத்து வந்தார். கொடுத்ததைப் பல மடங்காகக் கடனில் எழுதினார், வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் துரையிடம் தலைக்காசும் வாங்கினார். இந்தப் புதுக் கங்காணிக்குப் போகிறவனே முற்பணம் கொடுக்கிறான். முன்னேற்றம் என்றால் இதுதான்.

படி 6: துண்டை மறக்காதே

கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக ஒரு துண்டு வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசி. புதுத் துரை பணத்தைக் கட்டுவார், ஆள் மாறுவார், கடன் ஆளோடு கூடவே மாறும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஐரோப்பாக்காரர்களுக்கு நம்மைவிட 74 வருடம் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஜோன்-மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜியத்து மத்தியகள வீரரின் ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. பிரான்சின் டன்கிர்க் கழகத்துக்குப் போகக் கேட்டார். லியேஜ் கழகம் கால்வாசிச் சம்பளத்துக்கு இரு என்றது. போவதென்றால் பணம் கட்டச் சொல் என்றது. ஒப்பந்தம் முடிந்தும் ஆள் அவர்கள் கையில். 1995 டிசெம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அவருக்கு 31 வயது. வெற்றி அவருக்கு, பலன் பின்னால் வந்தவர்களுக்கு. இன்றும் நாடு மாறினால் பழைய நாட்டுச் சம்மேளனம் ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று கழகங்களில் பதியலாம், இரண்டுக்குத்தான் ஆடலாம். எத்தனை ஊர் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கை மீறாதே.

படி 7: சம்பளம் வராதபோது சிரித்த முகத்தோடு இரு

வீரர்களின் உலகச் சங்கமான பிஃப்ப்ரோ 2016இல் வெளியிட்ட ஆய்வில், முந்திய இரண்டு பருவங்களில் சம்பளம் பிந்திக் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 41 வீதம். ஆகவே உன்னை மட்டும் யாரோ குறிவைத்துவிட்டார்கள் என்று கற்பனை செய்யாதே. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் அறிவித்து 15 நாள் கொடுத்து, அதற்கும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று பீஃபா விதி சொல்கிறது. இந்த விதி உனக்குத் தெரியும் என்பது கழகத்துக்குத் தெரியவேண்டாம். அவர்களுடைய நிம்மதி கெட்டுவிடும்.

இன்னொன்று: கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்கினால் கோபிக்காதே. கொழுந்து நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட வீட்டுப் பிள்ளை நீ. காயத்துக்கோ அரைப்பேரும் கிடையாது. 2020-21 பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே சூசைராஜ் காயப்பட்டு வெளியேறினார். ஒப்பந்தத்தில் 'காப்புறுதி' என்ற சொல் இருக்கும் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் அப்படியொரு பக்கம் இருக்கிறதா என்று பார்.

படி 8: எங்களை மறக்காதே (இதுதான் கட்டணம்)

இவ்வளவு ஆலோசனையும் இலவசம் என்றா நினைத்தாய்? ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது நாடு விட்டு நாடு பணத்துக்கு விற்கப்படும் வீரரின் தொகையில் 5 வீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் போக வேண்டும் என்பது பீஃபா விதி. 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் வீதம். அதற்கு மேல் அரை வீதம். நீ 12 முதல் 17 வரை எங்கள் கழகத்தில் ஆடியிருந்தால் மொத்தம் 2 வீதம். ஒரு கோடி ரூபாவுக்கு நீ கைமாறினால் எங்களுக்கு இரண்டு இலட்சம். மைதானத்தின் கீழ்க் கரையில் ஒரு வலை கட்டப் போதும். இந்த மலையிலிருந்து ஆள் போனால், ஆளை வளர்த்தவருக்குப் பங்கு உண்டு என்று எழுதிய விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, பொஸ்மன் புண்ணியத்தில் ஒப்பந்தம் முடிந்து சும்மா போகிற வீரருக்கு விலை இல்லை. விலை இல்லாவிட்டால் எங்களுக்குப் பங்கும் இல்லை. குரு ரிக்கெட்ஸ் மாதிரிச் சுற்றுவதற்கு முன், ஒரே ஒரு தடவையாவது பணத்துக்கு விற்கப்படு. மற்றது, கழகம் சம்மேளனத்தோடு இணைந்த கழகமாக இருக்கவேண்டும். வீரரின் பெயர் வருடாவருடம் பதிவில் இருக்கவேண்டும். எங்கள் கழகத்தின் பதிவு இப்போதைக்குச் செயலாளரின் அப்பியாசக் கொப்பியில் இருக்கிறது.

ஆகவே முகவரைத் தேடுவதற்கு முன் நீ செய்யவேண்டியது ஒன்று: பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு வந்து பெயரைப் பதி. உன் தம்பிக்கு 12 வயது ஆகிவிட்டால் அவனையும் கூட்டிக்கொண்டு வா.